இருநூறு சொல், அதுவும் புரியும்படி

நிதி விண்ணப்பதாரர் என்றொரு இனம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். மருத்துவமனை கேன்டீனில் தேநீர் ஆறிப்போவது தெரியாமல் மடிக்கணினியை முறைத்துக்கொண்டிருப்பார், "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் "இன்னும் மூணு நாள்தான் இருக்கு" என்பார், வீட்டில் குழாய் ஒழுகினால்கூடப் பின்னணி, நோக்கம், எதிர்பார்க்கும் பயன் என்று மூன்று தலைப்புப் போட்டுவிட்டுத்தான் பிளம்பரைக் கூப்பிடுவார். ஆள் நல்லவர். விண்ணப்பம்தான் பிடித்து ஆட்டுகிறது.

நம் டாக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகப் பிரிவில் வேலை. டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகள் பலருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். சொறிந்து சொறிந்து கையெல்லாம் புண். அது ஏன் என்று கண்டுபிடிக்க ஓர் அறக்கட்டளையிடம் ஆராய்ச்சி நிதி கேட்கிறார். மூன்று முறை கேட்டு மூன்று முறையும் 'வருந்துகிறோம்' வந்துவிட்டது. பட்டம் வாங்கிப் பத்து ஆண்டு தாண்டாதவர்களுக்குத்தான் அந்த நிதி. அவருக்கு இது பத்தாவது ஆண்டு. இந்தத் தடவையும் நழுவினால் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

நாற்பது பக்க விண்ணப்பத்தில் மனிதர் தூள் கிளப்பியிருந்தார். 'உலகிலேயே முதன்முறையாக' பதினேழு இடத்தில். 'ஐயமின்றி நிரூபிக்கப்படும்' இருபத்திரண்டு இடத்தில். ஆராய்ச்சி தொடங்கும் முன்பே முடிவுக்கு வரைபடம்கூடப் போட்டாயிற்று. மசியாமல் நின்றது ஒரே ஒரு பகுதி: 'சாதாரண மக்களுக்குப் புரியும்படி, இருநூறு சொற்களுக்குள்.' அதோடு விட்டார்களா? மருத்துவம் படிக்காத ஒருவர் அதைப் படித்து, 'எனக்குப் புரிந்தது' என்று கையெழுத்தும் போட வேண்டுமாம்! இப்படியும் ஒரு கொடுமை உண்டா?

கடைசி நாள், பிற்பகல் மூன்று மணி. ஐந்து மணிக்கு இணையதளம் கதவைச் சாத்திவிடும். டாக்டர் மடிக்கணினியும் தாளுமாக அக்காவின் தையல் கடைக்கு ஓடினார். கூடப் பிறந்தவள், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட மாட்டாளா?

போடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

"தம்பி, 'நரம்புசார் அழற்சிக் காரணிகளின் இடைவினை'ன்னா என்னடா?"

"அது வந்துக்கா... காரணிகள் ஒண்ணோட ஒண்ணு இடைவினை புரியுது."

"அதுக்குப் புரியுது. எனக்குப் புரியலையே."

"அக்கா, நேரமாச்சு. கையெழுத்து மட்டும் போடு."

"புரியாததைப் புரிஞ்சுதுன்னு எழுதிக் குடுக்க நான் என்ன டாக்டரா?"

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. அக்கா தாளை மடித்து ஓரமாக வைத்தாள். "வாயால சொல்லு. என்னதான் பண்ணப் போற?"

பொறுமை போனவர் பொரிந்து தள்ளினார்: "டயாலிசிஸ் பண்ணிக்கிறவங்களுக்கு உடம்பெல்லாம் அரிக்குதுக்கா! தூங்க முடியல. ஒருத்தர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'கிட்னி போனதைக்கூடத் தாங்கிக்கிறேன், இந்த அரிப்பைத் தாங்க முடியல டாக்டர்'னு அழுதார். அவருக்கு எந்த மருந்துக்கும் கேக்கல. ஏன் அரிக்குதுன்னு சரியா யாருக்கும் தெரியல. எனக்கும் தெரியல. தெரிஞ்சுக்கணும். அவ்வளவுதான்!"

அக்கா தையல் மெஷினை நிறுத்தினாள். "இதை எழுதேன்டா."

"தெரியலன்னா? நிதி கேக்குற இடத்துலயா?"

"தெரிஞ்சா அப்புறம் எதுக்குடா நிதி?"

நியாயமான கேள்வி. நாற்பது பக்கத்திலும் இதற்கு மட்டும் பதில் இல்லை.

'தெரியவில்லை' என்ற ஒரே சொல்லைத் தட்டச்சு செய்ய அவருக்கு எட்டு நிமிடம் ஆயிற்று. மூன்று முறை அழித்தார். 'முழுமையாகத் தெரியவில்லை' என்று ஒட்டுப்போட்டுப் பார்த்தார். அக்கா கத்தரிக்கோலை நீட்டி 'முழுமையாக'வை வெட்டச் சொன்னாள். பிறகுதான் கையெழுத்து விழுந்தது. நான்கு ஐம்பத்தேழுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பிரிக்கப் பயந்து டாக்டர் அதையும் அக்கா கையில் கொடுத்தார். அவள் கடையே கேட்கும்படி படித்தாள்: "தங்கள் எளிய சுருக்கத்தைப் படித்து நிதி வழங்க முடிவு செய்துள்ளோம். மற்ற நாற்பது பக்கங்களையும் குழுவினர் அனைவரும் வெகுவாகப் பாராட்டினார்கள். அவற்றில் என்ன இருக்கிறது என்று மட்டும் ஒரு வரி எழுதி அனுப்பவும்."

டாக்டர் துள்ளிய துள்ளலில் பாதி தைத்த சட்டைகள் நாலைந்து கீழே விழுந்தன. அன்று மாலையே வார்டில், கையைப் பிடித்து அழுத அந்த நோயாளி கேட்டார்: "ஏன் டாக்டர் இப்படி அரிக்குது?"

"தெரியலைங்க," என்றார் டாக்டர். அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. "கண்டுபிடிக்க ஆரம்பிச்சாச்சு!"

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுவிடுகிறேன்: யாரோ வழி கேட்டபோது, கேள்விப்பட்டே இராத தெருவுக்கு இடப்பக்கம் கை காட்டிவிட்டு வந்தவர் யார்? போகட்டும். 'எனக்குத் தெரியாது' என்று நீங்கள் கடைசியாக எப்போது வாய்விட்டுச் சொன்னீர்கள்?

சட்டென்று ஒரு பதில் வந்துவிட்டதல்லவா? ஜாக்கிரதை. எல்லாம் தெரிந்தவர் ஆகிவிடும் நோய்க்கு அதுதான் முதல் அறிகுறி.