கடைக்குள் ஒருவர் இருக்கிறார்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் தலையணைக் கடைக்குள் உட்கார்ந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் அத்தையும், விற்காத மெத்தைகளும் சௌக்கியம். அங்கே நீங்களும், என்னோடு பேசாத என் மகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

போனில் சொல்லலாம்தான். அவளுக்கு அடித்தால் எடுப்பதில்லை. உங்களுக்கு அடித்தால் "ம்", "சரிங்க மாமா" என்பதற்கு மேல் நீங்கள் பேசுவதில்லை; பக்கத்தில் அவள் நிற்கிறாள் என்று அந்த "ம்"மிலேயே தெரிந்துவிடுகிறது. அதனால்தான் இதை உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன். இன்றோடு பதினோரு நாள். பெற்ற மகள் பதினோரு நாள் பேசாமல் இருந்தால் ஒரு மனுஷனுக்குச் சாப்பாடு இறங்குமா? எப்படியாவது நீங்கள்தான் அவளிடம் பேசி என்னைக் கரை சேர்க்க வேண்டும்.

நடந்ததற்கு முதல் காரணம், தப்பாக நினைக்கக்கூடாது, நீங்கள்தான். கடையை ஆன்லைனில் வைத்துக் கொடுத்தீர்கள், சந்தோஷம். அதோடு விட்டிருக்கலாம். யார் வருகிறார்கள், எந்த ஊர், எதைப் பார்க்கிறார்கள், எத்தனை நிமிஷம் நிற்கிறார்கள், கூடையில் எதைப் போடுகிறார்கள், எதை எடுக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் காட்டுகிற ஒரு திரையையும் கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போனீர்கள் பாருங்கள், அன்றைக்குப் போனது என் நிம்மதி; அதை அண்ணாந்து அண்ணாந்து பார்த்து, இருந்த கழுத்து வலியும் கூடிவிட்டது. வந்த வேகத்தில் ஓடிப்போகிறவர்கள் நூற்றுக்கு எழுபத்தொன்று என்று முதல் நாளே காட்டியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முப்பத்துநாலு வருஷத்தில் என் கடை வாசல் வரை வந்து ஒருத்தர் ஓடினதில்லை! யோசித்து யோசித்து, முகப்பில் நீங்கள் போட்டிருந்த என் போட்டோவை நீக்கிப் பார்த்தேன். மறுநாளே ஐம்பத்திரண்டாகக் குறைந்துவிட்டது. உங்கள் அத்தை இரண்டு நாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் புது வீட்டைப் பார்க்க வருவதாகச் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி ரயிலுக்கு டிக்கெட் எடுத்து, பெட்டி கட்டி, கடை ஷட்டரில் கையை வைத்தேன். திரையில் "இப்போது கடையில்: 1" என்று வந்துவிட்டது. அதுவும் உங்கள் ஊர்க்காரர்! என் மகள் வாழ்கிற ஊரில் எனக்கு ஒரு கஸ்டமர் என்று தலைகால் புரியவில்லை. ஏற்கெனவே ஒரு வாரமாக மதிய இடைவேளையில் போனிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்தான். கடைக்குள் கஸ்டமர் இருக்கும்போது நான் ஷட்டர் இறக்கினதே கிடையாது, அது உங்களுக்கும் தெரியும். அத்தை பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று கத்துகிறாள், "ஸ்க்ரீன்ல ஒண்ணுன்னு போட்டா உள்ள ஆள் நிக்குதுன்னு அர்த்தமா? இடிச்ச புளி மாதிரி உக்காந்திருக்கீங்களே!" நான் சொன்னேன், "நிக்காம பின்ன? கெட்டித் தலையணைய எடுத்துக் கூடையில போட்டாச்சு பாரு. இப்ப போட்டுட்டு அடுத்த நிமிஷம் பில்லு கட்டிருவார், பொறு."

கட்டினாரா? கெட்டித் தலையணையைப் போட்டார். எடுத்தார். மெத்துத் தலையணையைப் போட்டார். அதையும் எடுத்தார். திரும்பக் கெட்டி. பதினோரு மணி ரயில் போச்சு. மகளுக்குப் போன் போட்டு, "ஒரு கஸ்டமர் இருக்காரும்மா, அவர் போனதும் கிளம்பிடறேன்"னு சொன்னேன். "பரவால்லப்பா, நான் சும்மாதான் காத்திருக்கேன், வாங்க"ன்னா, தங்கமான பொண்ணு. இந்த ஆள் விடணுமே! கழுத்து வலிக்காரர்களுக்கான பக்கத்தில் மட்டும் நாற்பத்திரண்டு நிமிஷம். அப்படி என்ன இருக்கு அதுல படிக்க? எழுதின எனக்கே நாலு வரிக்கு மேல ஞாபகமில்ல. ரெண்டு மணி ரயிலும் போச்சு. மறுபடி போன், மறுபடி "காத்திருக்கேன்"ங்கறா. அவரோட பேசவும் ஒரு வழி வெக்காம விட்டுட்டீங்களே மாப்பிள்ளை, "ஐயா, கெட்டியே நல்லது, எடுத்துக்கிட்டு ஆளை விடுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். ஒரு தலையணை வாங்க இத்தனை குழப்பம்! வேலைவெட்டி இல்லாத ஜென்மம். இப்படி ஒரு ஆளைப் பெத்தவங்க எப்படித்தான் வளர்த்தாங்களோ!

மூணாவது தடவை போன் பண்ணினப்ப மணி நாலு. "என்னைவிட அந்தக் கஸ்டமர் உங்களுக்குப் பெரிசாப்பா? அவரையே கட்டிக்கிட்டு அழுங்க"ன்னு அழுதுகிட்டே வெச்சுட்டா. திரையைப் பார்த்தா, அதே நேரத்துல அந்த ஆளும் போயாச்சு! எதையும் வாங்கலை. என்ன ராசியோ! கடைசி ரயிலும் அதற்குள் கிளம்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனவர் அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மகளும் போச்சு, கஸ்டமரும் போச்சு.

ஆகவே மாப்பிள்ளை, இரண்டு உதவி. ஒன்று, அவளுடைய கோபத்தைத் தணியுங்கள். இரண்டு, அந்த ஆள் உங்கள் ஊர்தான், மதியம் ஒரு மணிக்குப் போனை நோண்டுகிறவர், எதையும் சட்டென்று முடிவு பண்ணத் தெரியாதவர். எங்காவது கண்ணில் பட்டால், உங்களால் ஒரு குடும்பமே பிரிந்து கிடக்கிறது என்று என் சார்பில் நாலு வார்த்தை நறுக்கென்று கேளுங்கள்.

அத்தை உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். இருவரும் குறையொன்றுமில்லாமல், கழுத்து வலி தெரியாமல் நூறு வருஷம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது திரை 'டிங்' என்றது. அந்த ஆள் திரும்ப வந்து ஆர்டர் போட்டாயிற்று. கெட்டி ஒன்று, மெத்து ஒன்று. விலாசம், உங்கள் வீட்டு விலாசம். பெயர், என் மகள் பெயர். குறிப்பு எழுதும் கட்டத்தில், "அப்பா ரூமுக்கு. அவர் கழுத்து வலிக்கு எது சரின்னு இன்னும் தெரியல, அதான் ரெண்டும். கடைக்காரரே நேரில் கொண்டுவர வேண்டும், வேறு யார் வந்தாலும் கதவு திறக்க மாட்டோம்" என்று எழுதியிருக்கிறாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை. மேலே அந்த ஆளைப் பற்றி எழுதிய எதையும் நம்ப வேண்டாம், அவளிடம் காட்டவும் வேண்டாம். முக்கியமாக, பெற்றவர்கள் வளர்த்ததைப் பற்றி எழுதியதை. இந்தக் கடிதம் உங்கள் ஆபீசுக்கு வரும்போது நான் உங்கள் வீட்டில் இருப்பேன். திரையில் இப்போது மூன்று பேர் கடைக்குள் இருக்கிறார்கள், அதில் ஒருத்தர் பெரிய மெத்தையே கூடையில் போட்டு வைத்திருக்கிறார். நான் ஷட்டரை இறக்கிவிட்டேன்.