பேச்சுப் பாறையும் கடமான் பூவாயியும்

ஒரு காட்டில் எல்லோருக்கும் பேச்சு சுதந்திரம் கிடைத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்பு, வாயைத் திறந்தவர்களைச் சிறுத்தை தின்றுகொண்டிருந்தது. இப்போது வாயைத் திறக்காதவர்களையும் தின்றது. பேசுவதற்கென்று ஒரு பாறையும் மைக்கும் வைத்திருந்தார்கள்.

குளத்துக்குப் போகிற ஒரே பாதையில் கடமான் பூவாயியின் தங்கையைச் சிறுத்தை தின்றது. பூவாயி அழுதுகொண்டே பாறைக்குப் போனாள். ஆமை எழுத்தர் படிவத்தை எடுத்தார்.

"பொருள் என்னம்மா?"

"என் தங்கையைச் சிறுத்தை தின்னுடுச்சு ஐயா."

"எவ்வளவு நேரம்?"

"தின்னதுக்கா?"

"பேசுறதுக்கு."

பதினொரு நாள் கழித்து டோக்கன் வந்தது. பூவாயி பேசினாள். காடே அழுதது. அணில்கள் செல்போனில் படம் பிடித்தன. முன்வரிசையில் இருந்த சிறுத்தைதான் முதலில் எழுந்து கைதட்டியது.

"என்ன ஒரு பேச்சு! முன்னெல்லாம் என்னைப் பத்தி இப்படிப் பேசியிருக்க முடியுமா?"

"முடியாது!" என்று எல்லோரும் பெருமையாகச் சொன்னார்கள்.

"கைதட்ட வேண்டாம். நீங்க குளத்துப் பாதைக்கு வராம இருந்தாப் போதும்" என்றாள் பூவாயி.

"அது கோரிக்கை. இது பேசுற இடம்" என்று ஆமை மைக்கை அணைத்தார்.

பூவாயி மற்றவர்களைப் பார்த்தாள். "நாளைக்குக் காலையில எல்லாரும் சேர்ந்து குளத்துக்குப் போவோம். கூட்டமா போனா அதால என்ன செய்ய முடியும்?"

"நாளைக்கு எனக்கு டோக்கன் இருக்கே" என்றது காட்டுப்பன்றி. "ஒற்றுமையைப் பத்திப் பேசணும்." காட்டெருமைக்கு அதற்கு மறுநாள் டோக்கன்.

தாகம் பொறுக்காமல் பூவாயி தனியாகவே போனாள். பாதி வழியில் சிறுத்தை நின்றது.

"கடைசியா ஏதாவது சொல்லணுமா? உங்களுக்கு உரிமை இருக்கு."

பூவாயி திரும்பி, பின்னங்கால் இரண்டையும் தூக்கி அதன் முகத்தில் ஓர் உதை விட்டாள். கோரைப்பல் நான்கும் போயின. அன்றிலிருந்து சிறுத்தை தவளை பிடித்துத் தின்கிறது.

மறுநாள் பாறையில் பெரும் கூட்டம். பேசித் தீர்க்க வேண்டியதைப் பூவாயி உதைத்துத் தீர்த்துவிட்டாள் என்று பன்னிரண்டு பேர் கண்டித்தார்கள். பேச்சுரிமையை மதிக்காதவள் என்று அவளுக்கு ஆயுள் முழுவதும் டோக்கன் மறுக்கப்பட்டது. தீர்மானத்தை வாசித்த காட்டெருமைக்குத் தொண்டை வறண்டது. கூட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் குளத்துக்குப் போய், நிதானமாக, வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைக் கண்டித்தார்கள்.

நீதி: உதைப்பது மிகவும் தவறு; உதைத்துத் திறந்த பாதையில் நடப்பது தவறில்லை.