ஊறப்போடாத பேழை

வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டிருப்பவர்களை அடக்கமானவர்கள் என்று உலகம் புகழ்கிறது. எங்கள் ஊரில் மட்டும் அப்படிப்பட்ட ஆளை நோவா என்று கூப்பிடுவார்கள். அந்த ஆள் நான்தான்.

நான் தோணி கட்டும் தச்சன். ஐந்தாம் வகுப்போடு உளியைப் பிடித்தவன். மரத்தோடு நாள் முழுக்கப் பேசுவேன். மனிதர் இரண்டு பேர் எதிரே நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். (பெண் பார்க்கப் போன வீட்டில் தேத்தண்ணிக்குச் சீனி போட மறந்துவிட்டார்கள். சொல்லக் கூச்சப்பட்டுக் குடித்தேன். 'மாப்பிள்ளை சீனி தொடமாட்டார்' என்று அங்கே முடிவாகிவிட்டது. இன்றைக்கும் எனக்கு வெறும் தேத்தண்ணிதான்.)

எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிறது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு உதவி நிறுவனங்கள் வந்தன. பைபர் படகுகளை அள்ளிக் கொடுத்தன. தண்ணீரைக் கண்டால் ஒதுங்கிப் போகும் சலூன்காரருக்கும் ஒன்று கிடைத்தது. மரத்தோணி கேட்டு என்னிடம் ஒருவரும் வரவில்லை. சும்மா கிடந்த என் பட்டறைக்கு அந்த நாட்களில் ஒழுங்காக வந்தவர்கள் இருவர்தான். ஒருவர் வாவிக்கரையில் சின்னதொரு செபவீடு நடத்திய போதகர். மற்றவர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்த வாத்தியார். வாத்தியாரின் தங்கை றோசக்காதான் போதகரின் மனைவி.

றோசக்காவைக் கடல் கொண்டுபோனது. போதகர் அவவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஓடினார். இரண்டாவது அலையில் அந்தக் கை நழுவிப்போனது; பிறகு உடல்தான் கிடைத்தது. இது ஊருக்கே தெரியும். ஆனால் அவர்கள் இருவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேசியதெல்லாம் வேதத்தில் வரும் வெள்ளத்தைப் பற்றித்தான், நோவா பேழை என்ற மரக்கப்பலைக் கட்டி உயிர்களைச் சோடி சோடியாக ஏற்றித் தப்பிய அந்த வெள்ளம்.

"கடல் வந்துபோன பிறகு உங்கட கிணத்தடியில சாண் அளவு மணல் கிடந்தது, கண்டீங்கதானே?" வாத்தியார் தொடங்குவார். "ஒரு வெள்ளத்துக்கு ஒரு மண் படை. உலகம் முழுக்க ஒரே வெள்ளம் எண்டா, எங்க வெட்டினாலும் ஒரே படைதானே வரவேணும்? கிணறு வெட்டிப் பாருங்க மச்சான். மணல், கறுத்தச் சேறு, மறுகா மணல், மறுகா களி. எத்தின கதை கிடக்கு!"

"அந்தச் சாண் மணலும் வர எவ்வளவு நேரம் போன? வாவி கடல்ல விழுற முகத்துவாரம் ஒரு காலையிலயே ஆள் மாறிப்போச்சு," என்பார் போதகர். "லெச்சக்கணக்கான வருசம் வேணும் எண்டு பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறீங்க. கண்ணால பாத்தபிறகுமா மச்சான்?"

"மணல் வரும். பாசிக்குடா முருகைக்கல் வருமா? அது உயிருள்ள பவளம், தெளிஞ்ச தண்ணி கேக்கிற சாமான். உலகமெல்லாம் சேத்துத் தண்ணி நிண்டா அவ்வளவும் செத்துப்போகும். மறுகா முளைச்சு அந்த அளவுக்கு வளர எத்தின காலம் வேணும்? அத விடுங்க, குடும்பிமலைப் பாறைக்கு என்ன வயசு தெரியுமா?"

"பாறை பிறக்கக்குள்ள ஆரு பக்கத்துல நிண்டு அத்தாட்சிப் பத்திரம் எழுதின?"

எனக்கு இரண்டுமே சரியாகப் பட்டது. கடைசியாக யார் பேசினாரோ அவர் பக்கம் தலையாட்டுவேன். அதனால் என்னை நல்ல விளக்கமுள்ளவன் என்று இருவருமே நம்பினார்கள்.

ஒரு பின்னேரம் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. "எல்லா வெள்ளத்துக்கும் ஒரு காரணம் இரிக்கு மச்சான்," என்றார் போதகர். வாத்தியார் கடல் பக்கம் திரும்பினார். "பூமிக்கு அடியில தட்டு அசைஞ்சது. அவ்வளவுதான். ஆரும் ஆரையும் தண்டிக்கயில்ல." பிறகு சட்டென்று குரலை உயர்த்தி, "அந்தப் பேழையும் மிதந்திருக்காது. வெறும் மரம். தாண்டிருக்கும்," என்றார்.

போதகர் எழும்பிவிட்டார். "இவன் கட்டட்டும். வேதத்துல உள்ள கணக்குப்படியே சின்னனாக் கட்டட்டும். மிதந்தா, நீங்க இந்த மார்கழியில றோசட நினைவுச் செபத்துக்கு வந்து குந்தவேணும். போன வருசம் நீங்க வரயில்ல."

"மிதக்காமத் தாண்டா?"

"பிள்ளைகளுக்கு வெள்ளத்துக் கதை சொல்லமாட்டன். பூமிக்கு ஆறாயிரம் வருசம் எண்ட கதையும் சொல்லமாட்டன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கம்போல இருவருக்குமாகத் தலையாட்டினேன்.

வேதத்தில் நீளம் முந்நூறு முழம், அகலம் ஐம்பது, உயரம் முப்பது. நான் முப்பது சாண், ஐந்து சாண், மூன்று சாண் என்று எடுத்தேன். ஒரு நல்ல தோணியின் அளவுதான், ஆனால் முன்னுக்கு அணியமும் இல்லை, பின்னுக்கு அமரமும் இல்லை, பெரியதொரு சவப்பெட்டி போல நின்றது. இடைவெளிகளில் பஞ்சடைத்து, உள்ளும் புறமும் குங்கிலியம் பூசினேன். அதோடு வேலை முடியாது. புது மரத்தோணியைக் கல் ஏற்றிக் கரையோரத்தில் ஒரு கிழமையாவது தாழ்த்தி வைப்போம். பலகை தண்ணீர் குடித்து உப்பி, ஒன்றோடொன்று இறுகவேண்டும். வாவிக்கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விசயம் இது.

அதைச் சொல்லத்தான் போதகர் வீட்டுக்குப் போனேன். அங்கே வாத்தியாரும் இருந்தார். பாறையின் வயதில் பிடுங்குப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இடையில் புகுவது மரியாதையில்லை என்று நினைத்துத் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினேன். (சீனி போட்டிருந்தார்கள்.) அடுத்த நாளும் போனேன். அன்றைக்கு டைனோசர். மூன்றாம் முறை போனபோது, நாளைக் காலை இறக்குவதென்று ஊருக்கே சொல்லியாகிவிட்டது. அதுமட்டுமா, நோவா வேசம் எனக்கென்றும் முடிவாகியிருந்தது. மறுத்துப் பேச எனக்கு எங்கே வாய்?

மறுநாள் கட்டில் விரிப்பைப் போர்த்தி, தேங்காய்த் தும்பில் செய்த தாடியைக் கட்டி, பேழைக்குள் நின்றேன். என்னோடு சோடியாக இரண்டு ஆடு, இரண்டு கோழி, இரண்டு வாத்து, சோடி கிடைக்காத ஒரு பூனை.

"வாத்த ஏன் மச்சான் ஏத்தின? வெள்ளத்துக்கு அது ஏன் பயப்பட?" என்றார் வாத்தியார், பூவரச மரத்தின் கீழ் கைகட்டி நின்றபடி. சனம் சிரித்தது. போதகரும் சிரித்தார். அவர்கள் இருவரும் ஒன்றாகச் சிரித்து நான் கண்டது அதுதான் கடைசி.

தடி ஊன்றி இடுப்பளவு தண்ணீருக்குப் போனேன். கரையில் போதகர் கண்ணை மூடிச் செபம் தொடங்கினார். அப்போதுதான் கால்விரலில் குளிர் தட்டியது.

செபத்தை எப்படிக் குழப்புவது? முடியட்டும் என்று நின்றேன். போதகரின் செபம் ஆதாமில் தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாக இறங்கும். காயீனுக்கு வரும்போது எனக்குக் கணுக்கால் நனைந்தது. ஏனோக்குக்கு முழங்கால். ஆட்டுக்குக்கூட என்னைவிடத் தைரியம் இருந்தது, அது கத்தியது. பூனை என் தாடி வழியாகத் தலைக்கு ஏறியது. வாத்துகள் எழும்பி, இறங்கி, தங்கள் பாட்டில் நீந்திப் போய்விட்டன. நான் மட்டும் சொல்லித்தந்தபடி ஊரைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டு மெல்ல மெல்லத் தாழ்ந்தேன்.

கரையில் வலை காயவைத்துக்கொண்டிருந்த கந்தண்ணன்தான் முதலில் கத்தினார். "டேய், புதுத் தோணிய ஊறப்போடாம இறக்கின விசரன் ஆரடா!"

ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. போதகர் கண்ணைத் திறந்தார். தண்ணீரில் ஓர் ஆள் தாழ்வதைக் கண்டார். அது நான் என்றோ, அங்கே இடுப்பளவுதான் தண்ணீர் என்றோ அவருக்குத் தெரிந்ததாக இல்லை. வெள்ளை வேட்டியோடு பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தார். "விடமாட்டன், விடமாட்டன்," என்றார். என் எலும்பு நொந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வெட்கமெல்லாம் போய்விட்டது.

வாத்தியார் நின்ற இடத்திலிருந்து போதகரின் முதுகுதான் தெரிந்திருக்கும். அவர் சிரித்துக்கொண்டே கூவினார்: "நோவா மட்டும் ஊறப்போட்டவரா மச்சான்? பேழையக் கட்டினது தரையில. அதுவும் இப்பிடித்தான் தாண்டிருக்கும்!"

போதகர் தன் கையைப் பார்த்தார். என் கையை விட்டார். நனைந்த வேட்டியோடு கரையேறி, ஒருவரையும் பாராமல் வீட்டுக்கு நடந்தார்.

அந்த நேரத்தில் நான் ஒரே ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். 'பிழை என்னுடையது, ஒரு கிழமை தாங்க, திரும்ப மிதக்கவிட்டுப் பார்ப்போம்.' அவ்வளவுதான். நான் தாடியைப் பிழிந்துகொண்டு நின்றேன்.

இருவரும் சொன்ன சொல் தவறாதவர்கள். வினையே அதுதான். போதகர் பிள்ளைகளுக்கு வெள்ளத்துக் கதை சொல்வதை நிறுத்தினார். மார்கழியில் றோசக்காவின் செபத்துக்கு வாத்தியார் போகவில்லை. பட்டறைக்கும் இருவரும் வரவில்லை. கொஞ்ச நாளில் போதகர் கரடியனாறு பக்கம் ஊழியத்துக்குப் போய்விட்டார்.

பிறகு வாவிக்கு மேற்கே, கரடியனாறு இருக்கும் படுவான்கரையில் சண்டை தொடங்கியது. சனத்தோடு சனமாகப் போதகரும் வாவியைக் கடந்து வந்து, வாத்தியாரின் பள்ளிக்கூடத்திலேயே தங்கினார். வாத்தியார் சோற்றுப் பார்சல் கொண்டுவந்தபோது நானும் அங்கே நின்றேன்.

"சோறு வயித்துக்குக் காணுமா?"

"காணும்."

"ஒள்ளுப்பம் எண்டாலும் பருப்பும் இரிக்கு."

"ஓம், சந்தோசம்."

பூமியின் வயதுக்காக ஒருவரையொருவர் விழுங்கப் பார்த்தவர்களுக்கு இவ்வளவுதான் பேச்சு மிஞ்சியிருந்தது.

பேழை சேற்றுக்குள் கிடந்து நன்றாக ஊறிவிட்டது. யுத்தம் முடிந்த வருசம் அதைக் கிளப்பி மிதக்கவிட்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. போதகரும் செபவீட்டுக்குத் திரும்பியிருந்தார். மார்கழிச் செபத்துக்கு முதல் நாள், வாத்தியார் வீட்டு வாசற்படலை வரை போனேன். 'பேழை மிதக்குது சேர், செபத்துக்கு வாங்க.' வழியெல்லாம் சொல்லிப் பழகிக்கொண்டு போனேன்.

"என்ன நோவா, இந்தப் பக்கம்?" என்றார் வாத்தியார்.

"சும்மா, சேர்," என்றேன்.

அடுத்த மார்கழி வருவதற்குள் வாத்தியார் நெஞ்சு வருத்தத்தில் போய்விட்டார். றோசக்காவின் குழிக்குப் பக்கத்தில் அவரை அடக்கினோம். போதகர்தான் முதல் பிடி மண் போட்டார்.

என் வீட்டில் இந்தக் கதை இன்னும் ஓய்ந்தபாடில்லை. இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி பஸ் ஓடினாலும், கடைக்காரர் அழுகிய தக்காளியை நிறுத்தாலும், நான் பேசாமல் நிற்பேன். மனைவி என் விலாவில் இடித்து, "நோவா, கால் நனையுது," என்பா. இப்போது பிள்ளைகளும் சொல்கிறார்கள்.

போதகருக்கு வயதாகிவிட்டது. பின்னேரங்களில் என்னைக் கூப்பிட்டு முன்னால் இருத்துகிறார். "பூமிக்கு ஆறாயிரம் வருசம் எண்டு நான் சொல்லுறன். நீ என்ன சொல்லுறாய்?"

வாத்தியார் சொன்னவற்றில் நினைவிருப்பதைச் சொல்வேன். "கிணறு வெட்டினா பல படை வருது ஐயா. மணல், மறுகா சேறு..."

"ஒரு காலையில முகத்துவாரம் மாறினத நீ பாத்தாய்தானே?"

பழக்கதோசத்தில் தலையாட்டிவிடுவேன். போதகருக்குக் கோபம் வந்துவிடும்.

"தலையாட்டாத மனே! இந்த இடத்துல முருகைக்கல்ல எடு. அவர் முருகைக்கல்லத்தான் எடுப்பார்."