ஞானத்தகப்பனை மாப்பிள்ளையாக்க அனுமதி வேண்டி

சேசு மரி சூசை துணை

கீழக்கோட்டகம், வலங்கைமான் வழி
3-2-1971

ஆயர் இல்லத்தில் ஆயர் ஆண்டவருக்குச் செயலாளராக இருக்கும் சங்கைக்குரிய மதலைமுத்து சுவாமி அவர்களுக்கு, தங்கள் பெரியம்மா மகனும் இவ்வூர்ச் சவேரியார் கோயில் உபதேசியாருமான சந்தியாகு முழந்தாளிட்டுத் தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். குருவானவருக்குப் பொய் எழுதுவது பாவம் என்பதால் அந்த வரியை விட்டுவிட்டேன். தங்கள் தேக சுகத்துக்காகத் தினமும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிவருகிறேன். சர்க்கரை வியாதி என்று கேள்விப்பட்டதிலிருந்து இரண்டாகச் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். என் ஒரே மகள் அமலோற்பவத்தை என் அக்காள் அருளாயியின் மகன் இராயப்பனுக்குக் கொடுப்பதாக முடிவாகி, மாமன் மகள் அத்தை மகன் என்கிற இரத்த உறவுக்கான அனுமதிச்சீட்டைத் தாங்களே போன மாதம் வாங்கி அனுப்பினீர்கள். வருகிற பதினைந்தாம் தேதி திங்கட்கிழமை மெய்விவாகம். இருபத்துநாலாம் தேதி விபூதிப் புதன் வந்துவிடுகிறது, அதன்பிறகு தபசுகாலம், கல்யாணம் கிடையாது என்பதை நான் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்தாயிற்று. இரண்டையும் நானே வாசித்தேன். இந்த விவாகத்துக்கு யாதொரு விக்கினம் தெரிந்தவர்கள் சொல்லக் கடவார்கள் என்று முடிக்கிற இடத்தில் குரலை உயர்த்தி, கோயிலை ஒரு சுற்றுப் பார்த்து, ஒருவரும் வாய் திறக்காததில் திருப்தியோடு உட்கார்ந்தேன். வாய் திறந்திருக்க வேண்டிய ஆள் நான்தான் என்பது நேற்று முன்தினம் திங்கட்கிழமை தெரிந்தது. நம் பங்குக்குப் புதிதாக வந்திருக்கும் சின்னச் சாமியார், கல்யாணக் காகிதம் எழுதுவதற்காகப் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினார். 1952-ல் என் மகள் பெயருக்கு எதிரே, "ஆபத்தில் ஞானஸ்நானம் கொடுத்தது: இராயப்பன், வயது 9" என்று இருந்தது. எழுதியது நான். என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்பது தாங்கள் அறிந்ததே. அந்தப் பக்கத்தில் இன்னும் அழகாக இருக்கிறது.

ஐம்பத்திரண்டு புயல் உங்களுக்கு நினைவிருக்கும், அப்போது நீங்கள் குருமடத்தில் இருந்தீர்கள். அன்று காற்று சுழற்றத் தொடங்கியதும் நான் கோயிலுக்கு ஓடினேன். அப்போது கூரைக் கோயில்தான், நான் போய்ச் சேருமுன் கூரை பறந்துவிட்டது. சவேரியார் சுரூபத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் வாய்க்கால் உடைத்துக்கொண்டு கோயிலுக்கும் வீட்டுக்கும் நடுவே வெள்ளம். இந்தக் கரையில் நானும் சவேரியாரும், அந்தக் கரையில் உங்கள் அண்ணிக்குப் பிரசவ வலி. மருத்துவச்சி வர வழியில்லை, அக்காள் அருளாயிதான் பிள்ளையை எடுத்தாள். பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்தது, அழவில்லை. அக்காள் பதறிப்போய்ப் பக்கத்தில் ஆள் கூப்பிட ஓடினாள், திரும்பி வரும்போது அவளோடு வந்தது அவள் மகன் இராயப்பன் மட்டும். அவன் என் ஞானோபதேச வகுப்பில் முதல் மாணவன். ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், தண்ணீர் தலையில் ஓட வேண்டும், ஓடும்போதே வார்த்தை சொல்ல வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்ததை மறக்காமல், சொம்பை எடுத்து, பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்துசாந்துவுடையவும் நாமத்தினாலே என்று ஊற்றினான். பிள்ளை வீறிட்டு அழுதது. அமலோற்பவ மாதா நவநாள் தொடங்கியிருந்ததால் அந்தப் பெயரையும் அவனே வைத்துவிட்டான். பொழுது சாய்கிற நேரத்தில் நான் சவேரியாரோடு வீட்டு வாசலில் வந்து நின்றபோது, என் மகள் பிறந்து, பிழைத்து, கிறிஸ்தவளாகி, பெயரும் வாங்கியிருந்தாள், நான் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. உன் அண்ணி என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பெண்சாதியை விட்டுவிட்டுச் சுரூபத்தைத் தூக்கப் போனவன் என்ற கோபம். அந்தக் கோபம் இன்றுவரை தீரவில்லை என்பதையும், எங்களுக்கு அமலோற்பவம் ஒற்றைப் பிள்ளையாக நின்றதற்கு அதுவே காரணம் என்பதையும் மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். நீ குருவானவர், உனக்கு இதற்குமேல் எழுதுவது முறையில்லை.

ஆபத்தில் தண்ணீர் ஊற்றியவன் அந்தப் பிள்ளைக்கு ஞானத்தகப்பன், ஞானத்தகப்பன் தன் ஞானமகளைக் கட்ட முடியாது. இதைச் சின்னச் சாமியார் எனக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. என் அப்பா உபதேசியாராக இருந்தபோது எழுதிவைத்த நோட்டில் இருக்கிறது, முப்பது வருஷமாக வகுப்பில் நானே வாசிக்கிறேன். அடுத்த வரிகூட உனக்கு ஞாபகம் இருக்கும்: தாயோ தகப்பனோ தன் பிள்ளைக்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்தால் புருஷனும் பெண்சாதியும் ஞான உறவாகிப்போவார்கள், பிறகு அண்ணன் தங்கையாகத்தான் இருந்தாக வேண்டும். அதை நான் இழுத்து வாசிக்கும்போது பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள், நீயும் பிளந்திருக்கிறாய், அடுப்படியில் இருந்து உன் அண்ணி எட்டிப் பார்ப்பாள். இவ்வளவு தெரிந்தவன், பதினெட்டு வருஷமாக "என் பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுத்த மருமகன்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே ஒழிய, அந்தப் பெருமைதான் விக்கினம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. நோட்டைச் சாமியாரிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "உபதேசியாரே, இதுல பாதி இப்ப சட்டத்துலயே இல்லை" என்றார். எந்தப் பாதி என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ரோமையில் சங்கம் கூடி முடிந்த இந்த ஐந்து வருஷத்தில் பீடத்தைத் திருப்பிப் போட்டாயிற்று, லத்தீனை நிறுத்தியாயிற்று, வெள்ளிக்கிழமை கறி தின்னலாம் என்றாயிற்று, இஸ்பிரீத்துசாந்துவைப் பரிசுத்த ஆவி என்றாயிற்று. எது போனது எது நின்றது என்று தெரியாததால் நான் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஞானத்தகப்பன் வரி மட்டும் போகவில்லையாம், சாமியாரே சொன்னார்.

சாமியார் இரண்டு வழி சொன்னார். அன்று கொடுத்த ஞானஸ்நானம் செல்லும் என்றால் கல்யாணத்துக்கு ஆயர் அனுமதி வேண்டும். செல்லாது என்றால் அனுமதி வேண்டாம், ஆனால் பெண்ணுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும். இரண்டாவது வழி வேண்டவே வேண்டாம் என்றேன். என் பெண் இத்தனை நாள் அஞ்ஞானியா? அவள் வாங்கிய புதுநன்மையும் உறுதிபூசுதலும் என்ன ஆவது? கோயில் பெருக்கிப் பூ வைத்து வளர்ந்த பிள்ளையைப் போய் அப்படிச் சொன்னால் அவளுக்கு எப்படி இருக்கும்?

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம் தனி. குத்தகைப் பதிவுச் சட்டம் வந்ததிலிருந்து இங்கே எல்லோருக்கும் ஆட்சேபணை மனு என்றால் அத்துப்படி. விவசாயச் சங்கத்து வைரக்கண்ணு விஷயம் கேள்விப்பட்டு இரண்டு ஆளோடு வந்து, பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, பிஷப் மூன்று பேரையும் வைத்து முத்தரப்புப் பேச்சுவார்த்தை நடத்திவிடலாம், அறுவடைக் கூலி அப்படித்தான் முடிந்தது என்றார். தாசில்தார் தலைமை வகிப்பாரா என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார். பண்ணை துரைராசு, நிலத் தகராறு இல்லாமல் ஒரு கல்யாணம் நிற்பதை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாராம்.

என் அக்காள்தான் பெரிய தொல்லை. தண்ணீர் தலையில் படவில்லை, தோளில்தான் பட்டது என்று சொல்லிவிடு, ஒன்றுமே இல்லை என்று மகனைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி தண்ணீர் ஊற்றினால் பெண் என்ன கரைந்தா போவாள் என்கிறாள். மகனுக்கு இருபத்தேழு வயசாகிறது, தபசுக்குள் முடியாவிட்டால் திருப்பனந்தாள் பக்கம் பார்த்து வைத்திருக்கிற பெண்ணை முடிப்பேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறாள். அவள் சத்தியம் பண்ணினால் செய்கிறவள் என்பது உனக்குத் தெரியும். ஆனால் இவன் வாயில் பொய் வராது. போன வருஷம் குத்தகைப் பதிவு விசாரணையில், ஒன்பது மா நிலத்தில் வாய்க்காலோரத்து ஒரு மா பண்ணை உழுதது, நான் உழுததில்லை என்று தாசில்தாரிடம் சொல்லிவிட்டு வந்தவன் அவன். சங்கத்துக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். மிச்சம் எட்டு மாவைத் தாசில்தார் மறுகேள்வி இல்லாமல் அவன் பேரில் பதிந்தார். நேற்றுக் காலையில் அவனைக் கூப்பிட்டு, உபதேசியாராக இல்லாமல் பெண்ணைப் பெற்றவனாகவே கேட்டேன். நன்றாக யோசித்துப் பார், ஒருவேளை தலையில் படவில்லையோ என்று நானே கேட்டேன், சர்வேசுரன் மன்னிக்கட்டும்.

"தலையிலதான் ஊத்துனேன் மாமா. செத்துப்போயிடும்னு அழுதுகிட்டே ஊத்துனேன். இப்ப இல்லைன்னு எப்படிச் சொல்றது? கல்யாணம் நடக்கலைன்னாலும் அது நடந்ததுதான்" என்றான்.

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அமலோற்பவம் வெளியே வந்தாள். "அப்பா, இவரை விட்டா எனக்கு வேற ஆள் வேண்டாம். அத்தை என்ன வேணாலும் பேசட்டும், நான் இருந்துக்குவேன்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது தம்பி. முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்ததற்கு எனக்கு இரண்டு பேர் தேறியிருக்கிறார்கள், அந்த இரண்டு பேரையும் நானே பிரித்து வைத்திருக்கிறேன்.

ஆகையால் சுவாமி அவர்கள் தயவுகூர்ந்து, இது சின்ன விக்கினம்தான், ஆயரே நீக்கலாம் என்று இங்குள்ள சாமியார் சொல்வதைக் கருதி, ஆண்டவர் நல்ல மனநிலையில் இருக்கும் நேரம் பார்த்துக் கையெழுத்து வாங்கி, பதினைந்தாம் தேதிக்குள் அனுமதிச்சீட்டு வந்துசேரும்படிச் செய்ய வேண்டியது. ஆண்டவர் மோதிரத்துக்கு எங்கள் முத்தம். சவேரியார் தங்களைக் காப்பாராக. நான் அவரை ஒருதரம் காப்பாற்றியிருப்பதால் இதை உரிமையோடு கேட்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அண்ணனும் ஊழியனுமான
சந்தியாகு உபதேசியார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் கடிதத்தை உன் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். கீரை அரிந்துகொண்டே கேட்டவள், முடித்ததும் "அதைக் கிழிச்சுப் போடுங்க" என்றாள். அக்காள் ஆள் கூப்பிட ஓடிய அந்தக் கொஞ்ச நேரத்தில், இவளே தலைமாட்டுச் சொம்பை எடுத்துப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாளாம். வார்த்தை சரியாகச் சொன்னாயா என்று கேட்டேன். ஒரு எழுத்துப் பிசகாமல், வகுப்பில் நான் மூச்சு வாங்குகிற இடத்தில் தானும் வாங்கிச் சொன்னாள். இவள் ஊற்றியபோது பிள்ளை அழவில்லை, இராயப்பன் ஊற்றியபோதுதான் அழுதது. ஒருவருக்கு ஞானஸ்நானம் ஒரே தரம்தான். ஆக அவன் ஊற்றியது இரண்டாவது, அது ஞானஸ்நானமே இல்லை, அவன் ஞானத்தகப்பனும் இல்லை, மேலே எழுதியது எதற்கும் அவசியமில்லை.

என்ன பெயர் வைத்தாய் என்று கேட்டேன். "சந்தியாகம்மான்னு வச்சேன். நீங்க வாய்க்கால்ல போயிட்டீங்கன்னு நினைச்சேன்" என்றாள். நான் செத்துவிட்டேன் என்று நினைத்ததால் நோட்டில் உள்ள அடுத்த வரிக்கு அவள் பயப்படவில்லை. பொழுது சாய நான் உயிரோடு வந்து நின்றதும்தான் பயந்திருக்கிறாள். சொன்னால் பிரித்துவிடுவார்கள், சொல்லாமல் சேர்ந்து வாழ்ந்தால் பாவம். அதனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். பதினெட்டு வருஷம், தம்பி. நான் கோபம் என்று நினைத்துக்கொண்டு ஒரு நாளும் கேட்கவில்லை.

இராயப்பனிடம் இதைச் சொல்லக் கூடாதாம், அவன் கொடுத்ததாகவே இருக்கட்டும் என்கிறாள். ஆகையால் அனுமதிச்சீட்டை எப்படியும் அனுப்பிவை, தேவைக்கு மேல் ஒரு அனுமதி இருந்தால் பாவமில்லை என்று நினைக்கிறேன். அது தபாலில் வந்தால் போதும். தந்தி கொடுக்க வேண்டியது வேறு. தாய் தன் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றுவது பற்றிய அந்த வரி, சாமியார் இல்லை என்று சொன்ன பாதியில் சேர்ந்ததா? இங்கே அவரைக் கேட்க வெட்கமாக இருக்கிறது. எனக்கு ஐம்பத்துமூன்று, அவளுக்கு நாற்பத்துநாலு. தந்தியை இன்றைக்கே கொடு.