சீமைக்குச் சம்பந்தியான எங்கள் சார்

சீமைக்கே சம்பந்தியாக இருந்தவர் பதுளையில் ஒரே ஒருவர்தான். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

பதுளையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் கல்வி நிறுவனம். இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டப்படிப்பை இங்கிருந்தே படிக்கலாம். பாடமும் பரீட்சையும் இங்கே, பட்டம் அங்கே. இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஓடியாடும் இணைப்பாளர் அவர். நான் அவருக்குக் கீழே கிளார்க்.

அந்தப் பல்கலைக்கழகத்தை அவர் பெயர் சொல்லிக் கேட்டதில்லை. "சம்பந்தி வீடு" என்பார். "நம்ம புள்ளைகளக் குடுக்கிற எடம்மா. நாமதான் பணிஞ்சு போகணும்." நாங்களும் அவருக்குச் சம்பந்தி சார் என்றே பெயர் வைத்துவிட்டோம்.

சூம் கூட்டம் என்றால் திருநீறு பூசி, கோட் மாட்டி உட்கார்ந்துவிடுவார். கீழே பேக்கரியில் மா பிசையும் மெஷினை நிறுத்தச் சொல்லி ஆள் போகும். அங்கே இரவு நேரமென்றால் மெயிலுக்குப் பதில்கூட அனுப்ப விடமாட்டார். "தூங்குற வீட்டுக் கதவத் தட்டுறதா? விடியட்டும்மா."

ஒரு தடவை அவர்கள் தவறால் பரீட்சைப் பெறுபேறு தாமதமானது. மன்னிப்புக் கேட்டு மெயில் போட்டவர் இவர்!

"தப்பு அவங்களோடது சார்."

"இருக்கட்டும்மா. கோவிச்சுக்கிட்டா யாரு போயி சமாதானம் பண்றது?"

பிறகு ஒப்பந்தம் முடிகிற வருஷம் வந்தது. அப்போது படித்துக்கொண்டிருந்த அணியோடு சரி, மறுபரீட்சை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கடைசித் தாளுக்கு முதல் நாள் கொட்டிய மழையில் மடுல்சீமைப் பாதையில் மண்சரிவு. விடிந்ததும் அந்தப் பக்கத் தேயிலைத் தோட்டத்து மாணவி தர்ஷினி போன் செய்தாள்.

"சார், பஸ் இல்ல. சரிவு மேல ஏறி வரப் பாத்தேன், வழுக்கிக் கால் சுளுக்கிருச்சு. ஊன முடியல சார்." சொல்லிவிட்டு அழுதாள். அன்று எழுதாவிட்டால் படித்ததெல்லாம் வீண்.

சார் கடிகாரத்தைப் பார்த்தார். அங்கே நடுச்சாமம். சம்பந்தி வீட்டுப் பரீட்சைப் பொறுப்பாளரான அம்மாவின் நம்பரை அழுத்தினார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அங்கீகரித்த மண்டபத்தில்தான் எழுத வேண்டும் என்றார் அந்த அம்மா. சார் பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாகப் பேசினார். "மேடம், வேற மண்டபம் நான் வீடியோவுல காட்டுறேன். புடிக்கலேன்னா சொல்லுங்க. பொண்ணு வீட்டுக்காரன் இத்தன வருஷத்துல ஒன்னும் கேட்டதில்ல. இன்னிக்குக் கேக்குறேன்."

அந்த அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, "காட்டுங்கள்" என்றார்.

மற்ற மாணவர்களை விரிவுரையாளர்களிடம் விட்டுவிட்டு, சீல் வைத்த வினாத்தாளோடு நாங்கள் இருவரும் ஆட்டோவில் புறப்பட்டோம். சரிவைச் சேற்றில் நடந்தே கடந்தோம். தோட்டத்தில் பூட்டோடு இருந்த ஒரே கட்டிடம் கொழுந்து நிறுக்கும் மடுவம். கங்காணி அன்றைய நிறுவையை ரோட்டோரத்துக்கு மாற்றிக்கொண்டார். தர்ஷினியை அண்ணன்மார் நாற்காலியோடு தூக்கி வந்து உட்கார வைத்தார்கள்.

மண்டபத்தில் எழுத்தோ எண்ணோ கண்ணில் படக்கூடாது என்பது விதி. தராசு முழுக்க எண்கள். சார் கோட்டைக் கழற்றி அதை மூடினார். வீடியோவில் அந்த அம்மா ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார்.

"அது என்ன தொங்குகிறது?"

"தராசு மேடம். கோட் என்னோடது."

அனுமதி வந்தது. கொழுந்துச் சாக்கோடு வந்த பெண்கள் மூச்சுக்கூட விடாமல் கடந்து போனார்கள். குரைக்க வந்த நாய்க்குச் சார் பிஸ்கட் போட்டே பரீட்சையை முடித்தார்.

சில மாதங்களில் பெறுபேறு வந்தது. தர்ஷினி பாஸ். கூடவே அந்தத் தாள் எழுதப்பட்ட ஊர்களின் பெயர்களும் இருந்தன. நான் சத்தமாக வாசித்தேன்: "சிங்கப்பூர், துபாய், பதுளை, மடுல்சீமை."

"மடுல்சீமைன்னா போட்டிருக்காங்க? இன்னொருக்கா வாசிம்மா."

வாசித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டார். அந்த மனுஷனுக்காக நான் அன்றைக்குப் பொழுது சாயும்வரை வாசித்திருப்பேன்.