பத்து மணிக்குக் கடல் வராது

கழற்றிய கேபிள் ஒரு கையில், டெலிபோன் மறு கையில். 'டூ டூ டூ' என்றது டெலிபோன். காலிதீன் வீட்டு நம்பரை மறுபடி அடித்தார். அதே டூ டூ.

கல்முனை எக்ஸ்சேஞ்சிலிருந்து மருதமுனைக்குக் கண்ணாடி இழைக் கேபிள் இரண்டு வழியாகப் போகிறது. ஒன்று கடற்கரையோரம், மற்றது வயல்பக்கம். கடற்கரை லைன் அறுந்தால், கண்மூடித் திறப்பதற்குள் தானாகவே வயல் லைனுக்கு மாறிக்கொள்ள வேண்டும். மாறுகிறதா என்று பார்க்கத்தான் சரியாகப் பத்து மணிக்கு எக்ஸ்சேஞ்ச் டெக்னீசியனான அவர் கடற்கரைக் கேபிளைக் கழற்றினார். மாறவில்லை போலிருக்கிறது.

சுனாமி வந்து நாலரை வருடம், யுத்தம் முடிந்து ஒரு மாதம். யுத்தம் முடிந்ததை நம்பியவர்கள்கூடக் கடலை நம்பவில்லை. டெலிபோன் செத்தால் கடல் வருகிறது என்பது ஊர்க் கணக்கு. காலிதீனின் மனைவி ஜுனைதா ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி, உம்மாவைக் கடலுக்குக் கொடுத்தவள். லைன் செத்தால் ஓடுவாள், ஓடினால் விழுவாள். அதற்காகவே காலையில் பதமாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"புள்ளெ, பத்து மணிக்கு ஒரு சோதினை இரிக்கி. டெலிபோன் செத்தாலும் பயப்படாதெ. கடல் வராது."

"நான் கடலெப் பத்தி ஒண்டும் கேக்கல்லியே. நீங்க ஏன் அதெச் செல்றீங்க?"

கேபிளைத் திரும்பச் செருகினார். மூன்றாம் தடவைதான் நுழைந்தது. வீட்டுக்கு அடித்தார். டூ டூ. பள்ளிவாசலுக்கு அடித்தார். டூ டூ. மச்சானின் கடைக்கும் அதே கதைதான்.

"அல்லாஹ்வே, ரெண்டு லைனையும் சாகடிச்சிட்டன்."

காவலாளி அழகரெத்தினம் எட்டிப் பார்த்தார். "என்ன சேர், இப்பிடி வேர்க்குது?"

"அண்ணன், ஒபிஸ் மோட்டார்சைக்கிளெ எடுத்துட்டு மருதமுனைக்குப் போங்க. கடல் வரல்ல எண்டு செல்லுங்க. கெதியா."

"ஆருக்கிட்டச் சொல்லுற?"

"காணுற ஆக்களுக்கெல்லாம்."

அழகரெத்தினம் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவர். வழியிலுள்ள பாண்டிருப்பிலேயே தொடங்கிவிட்டார். டெலிபோன் கந்தோர் மோட்டார்சைக்கிள் பறக்கிறது, அதிலிருப்பவர் "கடல் வரல்ல, கடல் வரல்ல" என்று தொண்டை கிழியக் கத்துகிறார். எந்த மனிதன் வீட்டுக்குள் இருப்பான்?

பத்து நிமிடம்தான் காலிதீனால் பொறுக்க முடிந்தது. சைக்கிளில் ஏறி மிதித்தார். மருதமுனையில் சனம் மெயின் ரோட்டைக் கடந்து வயல்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோடு ஒருவர், தையல் மெசினோடு இருவர். கந்தூரி விருந்துச் சோறு நிறைந்த சஹன் தட்டைத் தூக்கிக்கொண்டு நாலு பேர். ஒரு பருக்கை சிந்தவில்லை.

"ஓடாதீங்க, கடல் வரல்ல" என்று இவரும் கத்தினார். ஓட்டம் இன்னும் கூடியது.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. ஜுனைதா இல்லை. வயிற்றுப் பிள்ளையோடு எந்த வரம்பில் விழுந்து கிடக்கிறாளோ. எல்லாம் என்னால்தான், என்னால்தான் என்று படியில் உட்கார்ந்து அழுதேவிட்டார்.

பக்கத்து வீட்டு சுபைறா அவருடைய வீட்டுக்குள்ளேயிருந்து வந்தாள். "என்ன காக்கா, ஏன் அழுவுறீங்க? ஜுனைதாவெ எட்டரைக்கே ஓட்டோல கடலுக்குத் தூரமா சம்மாந்துறைக்கு அனுப்பியாச்சு. இப்பதான் கதைச்சா. சுகமா இரிக்காவாம், சோறு தின்றாவாம்."

"எதுல கதைச்சா? டெலிபோன்லயா? லைன்தான் பத்து மணிக்கே செத்துப் போச்சே."

"எங்க செத்த? எல்லாம் எங்கேஜ். நீங்க கடல் வராது எண்டு செல்லிட்டுப் போனதிலயிருந்து, ஊருல ஒருத்தரும் டெலிபோனெக் கீழ வைக்கல்ல காக்கா."