நேற்றைய பால் நிறத்தில் ஒரு வீடு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் அது செய்த ஒரே உருப்படியான காரியம், வெள்ளைக்கும் பழுப்புக்கும் நடுவே எண்ணற்ற நிறங்கள் இருப்பதைக் கண்டுபிடித்ததுதான். இந்த மகத்தான உண்மையை எங்கள் குடும்பம் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தது. அம்மாவின் வீட்டை விற்பது என்று முடிவான பிறகுதான் உணர்ந்தது.

முடிவு செய்தவர் அண்ணன். அவர் ஒரு பெரிய அலுவலகத்தில் கூட்டங்களை ஒருங்கிணைக்கும் பிரிவின் தலைவர். அங்கே வேலை நடக்கிறதா என்று எனக்குத் தெரியாது, கூட்டம் நடக்கிறது. வீடு அம்மாவின் பெயரில் இருந்தது. அம்மாவும் அந்த வீட்டில்தான் இருந்தாள். இந்த இரண்டு சிறு தடைகளையும் அண்ணன் முதல் கூட்டத்திலேயே 'கவனத்தில் எடுத்துக்கொண்டார்'.

"இவ்வளவு பெரிய வீட்ல நீ தனியா என்னம்மா பண்ணப்போற?"

"இருக்கப்போறேன்."

"அது சரி. அதுக்கப்புறம்?"

"சாப்பிட்டுட்டு மறுபடியும் இருக்கப்போறேன்டா."

இப்படித் தொலைநோக்கு இல்லாதவர்களோடு விவாதிப்பதில் பயனில்லை என்று அண்ணன் உணர்ந்தார். "வித்த பிறகு அம்மா எங்க இருக்கிறதுங்கிறதைக் கடைசி அம்சமா வெச்சுக்கலாம். முதல்ல பெயிண்ட்" என்றார். அன்றே 'உட்புற வண்ணத் தேர்வுக் குழு' உதயமாயிற்று. அண்ணன் தலைவர், அண்ணி துணைத் தலைவர், நான் செயலாளர். அம்மா 'சிறப்பு அழைப்பாளர்'. சிறப்பு அழைப்பாளருக்கு வாக்குரிமை கிடையாது. தேநீர் போடும் உரிமை உண்டு.

அப்போது அந்த வீடு கூச்சநாச்சமில்லாத நிலையில் இருந்தது. கூடம் பச்சை. சமையலறை மஞ்சள். அம்மாவின் பின் அறை நீலம். அண்ணன் சிறுவயதில் சுவரில் வரைந்த ரயில் ஒன்று, அதன் மேல் எத்தனை முறை பெயிண்ட் அடித்தும், மழைநாளில் மங்கலாக வெளியே வரும். நாகரிகமானவர்கள் கையை நீட்டி வாங்கக்கூடிய வீடா அது?

ஆகவே ஒரு வண்ண வல்லுநரை வரவழைத்தோம். அந்த அம்மையார் கழுத்தில் மூக்குக்கண்ணாடியும் கையில் விசிறி மாதிரி விரியும் நிற அட்டைகளுமாக வந்தார். கூடத்தின் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க... யாரோ வாழ்ந்திருக்காங்க" என்றார், கிணற்றில் பிணத்தைப் பார்த்தவர் குரலில்.

அண்ணன் தலை குனிந்தார். "ஆமா மேடம். மன்னிக்கணும். நாங்கதான்."

"தப்பில்ல, தெரியாம நடந்திருக்கும்" என்று வல்லுநர் பெருந்தன்மையோடு சொன்னார். "வாங்க வர்றவங்க தங்களைத்தான் இந்த வீட்ல பார்க்கணும். உங்களைப் பார்க்கக் கூடாது. நல்ல நிறம்னா என்ன தெரியுமா? அது வாயே திறக்கக் கூடாது."

"எங்க ஆபீஸ்ல நல்ல ஊழியருக்கும் இதேதான் இலக்கணம்!" என்றார் அண்ணன். இரண்டு மேதைகள் ஒருவரையொருவர் கண்டுகொண்ட அந்தத் தருணத்தில் எனக்கு மெய்சிலிர்த்தது.

அட்டைகளை மேசையில் பரப்பினார்கள். ஊறிய ஓட்ஸ், மறந்துபோன மணல், முயல் மூச்சு, நேற்றைய பால், இன்றைய பால். சாதாரணக் கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரி தெரியும். அதனால்தான் சாதாரணக் கண்களைக் குழுவில் சேர்ப்பதில்லை. அண்ணிக்கு 'இன்றைய பால்' பிடித்தது. அண்ணனுக்கு 'நேற்றைய பால்'.

"இன்றைய பால் ரொம்பப் புதுசா தெரியுது. வாங்கறவன் சந்தேகப்படுவான்" என்றார் அண்ணன்.

"நேற்றையது திரிஞ்சு போயிருக்கும்!"

"நிறம் எப்படித் திரியும்?"

"உங்களைக் கட்டிக்கிட்டப்ப நீங்களும் திரிய மாட்டீங்கன்னுதான் நினைச்சேன்!"

துணைத் தலைவர் வெளிநடப்புச் செய்தார். படுக்கையறை வரைக்கும்தான், கதவை மட்டும் பலமாகச் சாத்தினார். அந்த இடைவெளியில் 'நேற்றைய பால்' ஏகமனதாக நிறைவேறியது. "நான் எங்கடா போறது?" என்று சிறப்பு அழைப்பாளர் கேட்டாள். "அம்மா, இப்ப நிற அம்சம்தான் போயிட்டிருக்கு" என்றார் அண்ணன் கனிவோடு.

பெயிண்டர் வந்தார். சுவர், கூரை, கதவு, நிலை, ஜன்னல், எல்லாம் ஒரே நிறம் என்பது வல்லுநரின் கட்டளை. "எதை விட்டுட்டு அடிக்கணும்?" என்று பெயிண்டர் கேட்டதற்கு, "எதையும் விடாதீங்க" என்றார் அண்ணன். பெயிண்டர் சொல் தவறாதவர். சுவர்க் கடிகாரத்தையும் அடித்தார். அழைப்பு மணியையும் அடித்தார். கூடத்தில் வெகுநாளாக வாழ்ந்துவந்த ஒரு பல்லி நிலைமையைப் புரிந்துகொண்டு ஜன்னல் வழியாகக் குடிபெயர்ந்தது.

பலன் அபாரம். வீடு முழுக்க ஒரே வெளிர்ப்பு. கை கழுவப் போன அண்ணன் குளியலறைக் கதவைத் தேடிச் சுவரைத் தடவிக்கொண்டே போய்ச் சமையலறையில் வெளிப்பட்டார். "இதுதான் அமைதி!" என்று அங்கிருந்து குரல் கொடுத்தார்.

வல்லுநர் இறுதி ஆய்வுக்கு வந்தார். ஒவ்வொரு அறையாகப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தவர், கூடத்தில் நின்றுவிட்டார். கண்ணைச் சுருக்கினார். நிற அட்டையை எடுத்து அம்மாவின் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"அம்மாதான் கொஞ்சம் தனியா தெரியறாங்க."

நாங்கள் பார்த்தோம். உண்மைதான். சிவப்புப் பூப்போட்ட உடையோடு அம்மா பட்டவர்த்தனமாகத் தெரிந்தாள்.

"வீடு பார்க்க வர்றப்ப வெளிய அனுப்பிடலாமா?" என்றேன்.

"எங்க அனுப்புறது?" என்றார் அண்ணன். "அது கடைசி அம்சமாச்சே!"

வல்லுநரே வழி சொன்னார். சுவரின் நிறத்திலேயே அம்மாவுக்கு ஓர் அங்கி தைக்கப்பட்டது. அதே நிறத்தில் தலைக்கு ஒரு துணி. அதே நிறத்தில் ஒரு நாற்காலி. "அசையாம இருந்தா போதும்மா" என்றார் அண்ணன். அம்மா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு அங்கியை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் ஒத்துழைப்பை அண்ணன் மனமாரப் பாராட்டினார்.

வீடு பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு வங்கி அதிகாரி தன் நனைந்த குடையை அம்மாவின் தோளில் மாட்டிவிட்டு மாடிக்குப் போனார். அலமாரி வைக்கச் சுவரை அளந்த ஒருவர், அளவு நாடாவின் முனையைப் பிடிக்க ஆளில்லாமல் தடுமாறினார். "இங்க குடுங்க, நான் பிடிச்சுக்கறேன்" என்றது சுவர். அவர் நாடாவை விட்டுவிட்டு ஓடினார், செருப்பைக்கூட எடுக்கவில்லை.

அண்ணன் கொதித்துப்போனார். "சுவர் எங்கயாவது பேசுமாம்மா?"

"நீங்க சுவரைப் பத்தி மட்டும்தானேடா பேசறீங்க. அதான் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசினேன்."

பிறகு ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மனைவி நீச்சல் சொல்லித் தருபவர். பல வீடுகள் ஏறி இறங்கிய களைப்பு இருவர் முகத்திலும் தெரிந்தது. வல்லுநர் தானே முன்னின்று சுற்றிக் காட்டினார். கூடத்துக்கு வந்தபோது ஒரு தும்மல் கேட்டது.

நீச்சல்காரப் பெண் திடுக்கிட்டு அண்ணனின் முழங்கையைப் பிடித்தாள். "சுவர் தும்முச்சு!"

"புதுப் பெயிண்ட் மேடம்" என்றார் அண்ணன். "கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும்."

மறுபடியும் தும்மல். அவள் கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். "ஐயோ, இங்க ஒருத்தங்க உட்கார்ந்திருக்காங்க!"

"இருக்காங்க, ஆனா தெரியல பாருங்க!" என்றார் வல்லுநர், பெருமை பொங்க.

கண்ணாடிக் கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வீட்டோட என்னென்ன வரும்?"

"மின்விசிறி எல்லாம் வரும். வெந்நீர்த் தொட்டி வரும். திரைச்சீலை வரும்."

"இவங்க?"

அண்ணன் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. அனுபவம் பேசியது. "அது பரிசீலனைல இருக்கு" என்றார்.

அதற்குள் ஜன்னல் விளிம்பில் நிறம் சற்று மாறுபடுவதாக வல்லுநருக்குச் சந்தேகம் வந்துவிட, குழு அவசரமாக அங்கே கூடியது. அது 'இன்றைய பாலா', 'நேற்றைய பாலா' என்று வாதம் முற்றிக்கொண்டிருந்தபோது, சமையலறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாகியிருந்ததால், குழாய்தான் ஒழுகுகிறது என்று நினைத்தோம்.

அம்மா தம்பதியோடு வெளியே வந்தாள். தலைத்துணியைக் காணோம்.

"வித்தாச்சு" என்றாள். "இவங்க ரெண்டு பேரும் வீட்டை எடுத்துக்கறாங்க. பின் அறை எனக்கு, நான் இருக்கிற வரைக்கும். பத்திரத்துல அப்படியே எழுதணும். இல்லன்னா கையெழுத்துப் போட மாட்டேன்."

"நாங்க பார்த்த வீடு எல்லாமே இதே நிறம்தாங்க" என்றாள் நீச்சல்காரப் பெண். "எது எந்த வீடுன்னே ஞாபகமில்ல. ஆனா தும்முற வீடு இது ஒண்ணுதான்."

அண்ணன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "பார்த்தியாடா, கடைசி அம்சமும் முடிஞ்சுது!" அண்ணி கைதட்டினாள். வல்லுநர் தன் விளம்பரத்துக்காக அம்மாவை நிற்கவைத்துப் படம் எடுத்தார். படத்தில் தலை மட்டும் அந்தரத்தில் விழுந்தது என்று கேள்வி.

விற்பனை முடிந்து, கிடைத்ததைப் பிரித்துக்கொண்டு, நாங்கள் அவரவர் வேலையைப் பார்த்தோம். அம்மாவைப் போய்ப் பார்ப்பது பற்றி ஒரு கூட்டத்துக்கு நாள் குறித்தோம். அது தள்ளிவைக்கப்பட்டது, பிறகு தள்ளிவைத்த கூட்டமும் தள்ளிவைக்கப்பட்டது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணனும் கிளம்பிப் போனோம்.

நீச்சல்காரப் பெண் கதவைத் திறந்தாள். "பின் அறைல வேலையா இருக்காங்க, போங்க" என்றாள்.

வாசலிலேயே நின்றுவிட்டோம். அறை முழுக்கச் சிவப்பு. பழுத்த தக்காளியை அரைத்து நாலு சுவரிலும் வீசியடித்த மாதிரி ஒரு சிவப்பு. அம்மா முக்காலி மேல் நின்று கூரையோரத்தில் தூரிகையை இழுத்துக்கொண்டிருந்தாள். மூக்கு நுனியில், முழங்கையில், முடியில் எல்லாம் பெயிண்ட். எங்களைப் பார்த்தாள். இறங்கவில்லை.

அண்ணன் கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். "என்னம்மா இது? பார்க்கவே முடியல. இப்படி உறுத்துது!"

அம்மா தூரிகையை நிறுத்தினாள்.

"எங்கடா உறுத்துது?" என்றாள். "கண்ணுலயா?"

நானும் அண்ணனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கலந்தாலோசித்தோம். கண்ணில்தான் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிவிட்டு வெளியே வந்துவிட்டோம்.